பெட்ரோலுக்குள் இருக்கும் கலால் வரி, பங்க் உரிமையாளரின் விற்றுமுதலில் சேருமா?

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், களியக்காவிளை சாலையோரம் பெட்ரோல் பங்க் நடத்தும் ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பா 2024 தொடக்கத்தில் காலமானார். டீலர்ஷிப் அந்த ஏப்ரலில் மகள் பெயருக்கு மாறியது. வாட் என்ற மாநில விற்பனை வரிப் பதிவையும் மாற்றிக்கொண்டார். அப்பா பெயரில் இருந்த ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்தவர், தன் பெயரில் புதிதாக எடுக்கவில்லை. வேண்டாம் என்று சொன்னவர் அக்காவின் கணவர். அவர் பல வருடம் ஹைதராபாத்தில் ஒரு மதுபானக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். "பெட்ரோல், டீசல் ஜிஎஸ்டியிலேயே இல்லை. நீ விற்கும் எஞ்சின் ஆயிலும் டிஸ்டில்டு வாட்டரும் வருஷத்துக்கு 9 லட்சம்தான். 40 லட்சம் தாண்டினால் பார்த்துக்கொள்ளலாம்" என்றாராம்.

வருமான வரிக்கும் அவர்தான் வழி சொன்னார். 2024-25இல் பங்கில் சுமார் 4.7 லட்சம் லிட்டர் பெட்ரோலும் 7 லட்சம் லிட்டர் டீசலும் விற்றன. மொத்தம் 11 கோடியே 40 லட்சம் ரூபாய். இதில் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 19.90, டீசலுக்கு 15.80 என்று மத்திய கலால் வரியைக் கழித்துவிட்டு, "இது அரசாங்கப் பணம், உன் விற்பனை அல்ல; சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே இருக்கிறது" என்று 9 கோடியே 35 லட்சம் காட்டச் செய்தார். 10 கோடிக்குக் கீழே வந்துவிட்டதால் ஆடிட்டும் செய்யவில்லை. இப்போது ஜிஎஸ்டி அலுவலகத்திலிருந்து, ஏன் பதிவு எடுக்கவில்லை என்று 15 நாளில் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. அத்தானிடம் கேட்டால், "கமிஷன் மட்டும்தான் உன் வருமானம் என்று பதில் எழுது" என்கிறாராம். பங்க் ஓரத்து இடத்தை வாட்டர் சர்வீஸ் நடத்தும் ஒரு பையனுக்கு மாதம் 8,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டிருப்பதையும், 2022 மே மாதம் கலால் வரி குறைந்த அன்று டாங்கில் இருந்த ஸ்டாக்கில் அப்பா 80,000 ரூபாய் போல இழந்ததையும், அந்த வரியைத் திரும்பக் கேட்க முடியுமா என்ற சந்தேகத்தையும் கடைசியில் சேர்த்திருக்கிறார்.

சகோதரி, முதலில் ஒரு ஆறுதல். நீங்கள் வருமானத்தை மறைக்கவில்லை. விற்பனையில் கழித்த அதே 2 கோடியே 5 லட்சத்தை அத்தான் கொள்முதலிலும் கழித்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே லாபம் மாறவில்லை, அதன் மீதான வரியும் மாறவில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. விற்றுமுதல் என்ற எண்ணை வைத்துச் சட்டம் உங்கள் மேல் சில கடமைகளைச் சுமத்துகிறது. அவை கவனிக்கப்படாமல் போய்விட்டன.

உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: சேரும். நீங்கள் ஒரு லிட்டரை என்ன விலைக்கு விற்கிறீர்களோ அந்த முழு விலையும் உங்கள் விற்றுமுதல். கலால் வரியைத் தள்ளிவிட்டுக் கணக்குப் போடலாம் என்று சட்டமே வெளிப்படையாகச் சொல்லும் இடங்கள் உண்டு. அங்கே மட்டும் தள்ளலாம்.

அத்தான் சொன்ன தீர்ப்பு

அவர் கதை கட்டவில்லை. அப்படி ஒரு தீர்ப்பு இருந்தது. ஆந்திராவில் மெக்டவல் கம்பெனி மது தயாரித்து விற்றபோது, வாங்குகிறவர்களே கலால் வரியை நேராக அரசுக்குக் கட்டிவிட்டு வந்து சரக்கை எடுத்துப் போவார்கள். கம்பெனியின் பில்லில் கலால் வரி வராது, அந்தப் பணம் கம்பெனியின் கைக்கும் வராது. விற்பனை வரித் துறையோ அதையும் கம்பெனியின் விற்றுமுதலில் சேர்த்து வரி கேட்டது. 1970களில் வழக்கு உச்ச நீதிமன்றம் போனபோது கம்பெனிதான் ஜெயித்தது. உங்கள் அத்தான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கணக்குப் பிரிவில் இதைத்தான் பாடமாகச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

அதற்கு அப்புறம் நடந்தது பெரிய விஷயம். 1981இல் ஆந்திராவின் டிஸ்டிலரி விதிகள் திருத்தப்பட்டன. துறை மறுபடி வரி கேட்டது, கம்பெனி மறுபடி உச்ச நீதிமன்றம் போனது. 1985இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு எதிர்ப்பக்கம் தீர்ப்புச் சொன்னது. கலால் வரி என்பது பொருளை உற்பத்தி செய்வதன் மீதான வரி. அதைக் கட்டும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. வாங்குபவர் கட்டினாலும் உற்பத்தியாளர் கட்ட வேண்டியதைத்தான் அவருக்காகக் கட்டுகிறார். ஆகவே அது பொருளுக்குக் கொடுத்த விலையின் ஒரு பகுதி, விற்றுமுதலில் சேரும் என்பது அதன் சாரம். வரியைத் தவிர்க்கத் தந்திரமான ஏற்பாடுகள் செய்வது பற்றி அதில் சொல்லப்பட்ட கருத்துகளுக்காகத்தான் இன்றைக்கும் அந்தத் தீர்ப்பை அதிகம் எடுத்துக் காட்டுகிறார்கள். கலால் வரிதான் வழக்கின் மையம் என்பதே பலருக்கு மறந்துபோயிற்று.

இந்த நியாயத்தை உங்கள் பெட்ரோல் பங்க்குக்குப் பொருத்திப் பாருங்கள். பெட்ரோல் மீதான கலால் வரி சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்திலேயே கட்டப்பட்டுவிடுகிறது. எண்ணெய் நிறுவனம் அதை விலையில் ஏற்றி உங்களுக்கு விற்கிறது. உங்களைப் பொறுத்தவரை அது கொள்முதல் விலை, அவ்வளவுதான். நீங்கள் யாரிடமும் கலால் வரி வசூலிக்கவில்லை, அரசுக்குக் கட்டவும் இல்லை. "அரசாங்கப் பணம் என் கை வழியாகப் போகிறது" என்று எண்ணெய் நிறுவனமாவது வாதம் செய்து பார்க்கலாம். உங்களுக்கு அந்த வாதமே கிடையாது.

கமிஷன் மட்டும்தான் என் விற்பனை என்பதும் நிற்காது. டீலர் கமிஷன் என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம், ஆனால் நீங்கள் ஏஜென்ட் அல்ல. முன்பணம் கட்டி, உங்கள் பெயரில் இன்வாய்ஸ் வாங்கி, டேங்கர் வந்ததும் டென்சிட்டி பார்த்து, டிப் ராடு விட்டு அளந்து இறக்கிக்கொள்கிறீர்கள். அதற்கு மேல் ஆவியாகிப் போனாலும் அளவு குறைந்தாலும் உங்கள் நஷ்டம். 2022 மே 22ஆம் தேதி பெட்ரோலுக்கு 8 ரூபாயும் டீசலுக்கு 6 ரூபாயும் கலால் வரி குறைந்தபோது அப்பாவின் டாங்கில் கிடந்த 10,000 லிட்டர் பெட்ரோல் அவருடைய சரக்காக இருந்ததால்தான் அந்த 80,000 ரூபாய் அவர் தலையில் விழுந்தது. அதைத் திரும்பக் கேட்க வழியில்லை. சரக்கு ஆலையிலிருந்து வெளியேறிய நாளில் இருந்த விகிதப்படி வரி கட்டியாயிற்று, கட்டியவர் எண்ணெய் நிறுவனம். அந்த நஷ்டம் அப்பாவின் அந்த வருடக் கணக்கில் லாபத்தைக் குறைத்திருக்கும். அதோடு அது முடிந்தது.

வாட் பக்கம் கவலை இல்லை. தமிழ்நாட்டில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் மாநிலத்துக்குள் நடக்கும் முதல் விற்பனையிலேயே வரி. அந்த முதல் விற்பனை எண்ணெய் நிறுவனம் உங்களுக்கு விற்பது. கலால் வரியும் அடங்கிய விலை மீதுதான் அந்த வாட் கணக்கிடப்படுகிறது. வரி மேல் வரி என்று எல்லோரும் அலுத்துக்கொள்வது இதைத்தான். உங்கள் விற்பனை இரண்டாவது விற்பனை. ரிட்டர்னில் காட்ட வேண்டும், வரி கட்ட வேண்டாம். முதல் கட்டத்தில் வரி கட்டப்பட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பு மட்டும் உங்களுடையது. எண்ணெய் நிறுவன இன்வாய்ஸ்களை வருட வாரியாகக் கட்டி வையுங்கள்.

ஜிஎஸ்டிக்கு வெளியே, ஆனால் கணக்குக்கு உள்ளே

கச்சா எண்ணெய், பெட்ரோல், டீசல், இயற்கை எரிவாயு, விமான எரிபொருள் ஆகிய ஐந்துக்கும் ஜிஎஸ்டி கவுன்சில் பரிந்துரைக்கும் தேதியிலிருந்துதான் ஜிஎஸ்டி என்று சட்டத்திலேயே இருக்கிறது. அந்தத் தேதி இன்னும் வரவில்லை. இதுவரை அத்தான் சரி.

ஆனால் பதிவு எடுக்க வேண்டுமா என்று பார்க்கும்போது சட்டம் கேட்பது "மொத்த விற்றுமுதல்". அதில் வரிக்குட்பட்ட விற்பனையும் சேரும், விலக்கு பெற்ற விற்பனையும் சேரும். ஜிஎஸ்டியே விதிக்க முடியாத பொருளின் விற்பனை, இந்தச் சட்டத்தின் விளக்கப்படி விலக்கு பெற்ற விற்பனைக்குள் வருகிறது. கழிக்கலாம் என்று சொல்லியிருப்பது ஜிஎஸ்டியையும் அதன் இழப்பீட்டு செஸ்ஸையும் மட்டும். கலால் வரியை அந்தப் பட்டியலில் வைக்கவில்லை. ஆக உங்கள் மொத்த விற்றுமுதல் 9 லட்சம் அல்ல, 11 கோடியே 50 லட்சம் போல.

ஒருவர் பெட்ரோல், டீசல் மட்டுமே விற்று வேறு எதுவும் செய்யாவிட்டால், எத்தனை கோடி விற்றாலும் பதிவு தேவையில்லை. பிரிவு 23 அப்படி விலக்குத் தருகிறது. ஒரு டின் எஞ்சின் ஆயில் விற்ற நிமிடத்தில் அந்த விலக்கு போய்விடும். இன்னொன்று, 40 லட்சம் வரம்பு பொருள் மட்டும் விற்பவர்களுக்கு. வாட்டர் சர்வீஸ் இடத்து வாடகை ஒரு சேவை என்பதால் உங்களுக்கு வரம்பே 20 லட்சம்தான். கலால் வரியைக் கழித்தாலும் கழிக்காவிட்டாலும் இங்கே வித்தியாசம் இல்லை. 9 கோடியும் 20 லட்சத்துக்கு மேலேதான்.

இவற்றையெல்லாம் விட்டுவிட்டாலும் பிரிவு 22இல் தனியாக ஓர் உட்பிரிவு இருக்கிறது. பதிவு பெற்றவரின் தொழில் வாரிசுக்கு அப்படியே நடப்பு நிலையில் வந்து சேர்ந்தால், வந்து சேர்ந்த நாளிலிருந்து வாரிசு பதிவு எடுக்க வேண்டும். அப்பா பதிவு பெற்றவர். உங்கள் விஷயம் அந்த இடத்திலேயே முடிவாகிவிடுகிறது.

சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதம் மட்டும் கட்டும் காம்பொசிஷன் திட்டத்தில் சேரலாமா என்று யாராவது யோசனை சொல்வார்கள். முடியாது. ஜிஎஸ்டி விதிக்கப்படாத பொருளை விற்பவருக்கு அந்தத் திட்டம் கிடையாது.

பதிவு எடுக்காததால் உண்மையில் என்ன இழப்பு என்று உங்கள் எண்களை வைத்தே பார்க்கலாம். ஆயில் விற்பனை 9 லட்சம். பாட்டிலில் அச்சிட்ட விலை எல்லா வரியும் சேர்ந்தது என்பதால், அந்த 9 லட்சத்துக்குள்ளேயே 18 சதவீத வரி அடங்கியிருப்பதாக எடுத்துப் பிரித்தால் 1,37,288 ரூபாய். வாடகை வருடம் 96,000. அதையும் வரி அடங்கியதாக எடுத்தால் 14,644. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 1 லட்சத்து 52 ஆயிரம். அதே ஆயிலை நீங்கள் வரியோடு 8 லட்சத்துக்கு வாங்கியிருக்கிறீர்கள். அதற்குள் 1,22,034 ரூபாய் ஜிஎஸ்டி இருக்கிறது. காலத்தில் பதிவு எடுத்திருந்தால் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொண்டு, கையிலிருந்து 30,000 ரூபாய் கட்டியிருந்தால் போதும். பதிவு இல்லாத காலத்துக்கு உள்ளீட்டு வரி எடுக்க முடியாது என்பதுதான் துறையின் நிலை. தகுதி வந்த 30 நாளுக்குள் விண்ணப்பித்தவருக்கு, பதிவு அந்தத் தகுதி நாளிலிருந்தே அமலுக்கு வரும், கையிருப்பு ஸ்டாக்கின் வரியையும் எடுத்துக்கொள்ளலாம். தாமதமாக விண்ணப்பித்தால் பதிவு கொடுத்த நாளிலிருந்துதான். 30,000 ரூபாயில் முடிய வேண்டியது ஒன்றரை லட்சமும் வட்டியுமாக நிற்கிறது.

அத்தான் சொன்னது சரியாகும் இடம்

பதிவு எடுத்த பிறகு உள்ளீட்டு வரியை மூன்றாகப் பிரிக்க வேண்டும். ஆயில் கொள்முதலின் வரி முழுதும் உங்களுக்கு. பம்பு, நாசில் பழுதுபார்ப்பு போலப் பெட்ரோல், டீசலுக்கு மட்டும் ஆன செலவின் வரி கிடைக்காது. ஆடிட்டர் கட்டணம், இன்டர்நெட், செக்யூரிட்டி போன்ற பொதுச் செலவுகளின் வரியை விற்பனை விகிதத்தில் பங்கிட்டு, விலக்கு பெற்ற விற்பனைக்கு உரிய பங்கைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

இதைச் சொல்லும் விதி 42, அந்த விகிதத்தைக் கணக்கிடும்போது மட்டும் மத்திய கலால் வரியையும் வாட் போன்ற மாநில வரியையும் விலக்கு விற்பனையிலிருந்தும் மொத்த விற்பனையிலிருந்தும் நீக்கிவிட வேண்டும் என்று அரசியல் சாசனப் பட்டியல் எண்களைக் குறிப்பிட்டே சொல்கிறது. அத்தான் ஆசைப்பட்ட கழிவு இதோ இருக்கிறது. என்ன மிச்சமாகும்? மாதப் பொதுச் செலவின் வரி 6,000 ரூபாய் என்று வையுங்கள். எரிபொருள் விற்பனை மாதம் 95 லட்சம், ஆயிலும் வாடகையும் வரி நீக்கி 70,000 சொச்சம். வரிகளோடு கணக்கிட்டால் திருப்பிக் கட்ட வேண்டியது 5,956 ரூபாய். வரிகளை நீக்கி எரிபொருள் மதிப்பை 60 லட்சம் என்று எடுத்தால் 5,930 ரூபாய். மாதம் 25 ரூபாய் லாபம். அதிகாரி ஒருவேளை, இரண்டாவது விற்பனை செய்யும் உங்கள் மேல் அந்த வரிகள் விதிக்கப்படவில்லையே என்று தர்க்கம் பேசலாம். விதியில் யார் கட்டியது என்ற நிபந்தனை இல்லை என்று நாமும் பேசலாம். 25 ரூபாய்க்காக நான் பேச மாட்டேன்.

கிட்டத்தட்ட முழுப் பொதுச் செலவு வரியும் கைவிட்டுப் போகும் என்பதைத் தெரிந்துகொண்டால் போதும்.

10 கோடி என்ற எல்லை

வருமான வரியில் கணக்குத் தணிக்கைக்கான பொது வரம்பு 1 கோடி. ரொக்கமாக வந்ததும் ரொக்கமாகக் கொடுத்ததும் தனித்தனியே 5 சதவீதத்துக்கு மேல் போகாதவருக்கு மட்டும் 10 கோடி. உங்கள் வசூலில் ஏறக்குறைய 40 சதவீதம் ரொக்கம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பைக்கில் வந்து 200 ரூபாய்க்குப் போடுகிற ரப்பர் பால் வெட்டுக்காரரும், பாறசாலையிலிருந்து வந்து டாங்க் நிரப்பிப் போகும் கேரள வண்டிக்காரரும் எல்லோருமா ஜிபே பண்ணுகிறார்கள்? ஆக உங்கள் வரம்பு 1 கோடி. 9.35 என்று காட்டினாலும் 11.40 என்று காட்டினாலும் ஆடிட் கட்டாயம்தான். 1961ஆம் வருடச் சட்டப்படி ஆடிட் செய்யாததற்கு அபராதம் விற்றுமுதலில் அரை சதவீதம் அல்லது ஒன்றரை லட்சம், எது குறைவோ அது. உங்களுக்கு ஒன்றரை லட்சம் வரை போகலாம். நியாயமான காரணம் இருந்தால் விதிக்காமல் விடவும் சட்டம் இடம் தருகிறது. அப்பாவின் இழப்பு, புதிதாகப் பொறுப்பேற்றது, தவறான ஆலோசனை, வரி குறையாதது எல்லாவற்றையும் எழுதலாம். தாமதமானாலும் ஆடிட்டை முடித்துவிட்டு எழுதினால்தான் அந்தக் காரணத்துக்கு மதிப்பு.

10 கோடி என்ற எண் உங்களைக் கடிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. கடிதத்தில் நீங்கள் கேட்கவே இல்லை, ஆனால் என்னைக் கேட்டால் இதுதான் அவசரம். முந்தைய வருட விற்றுமுதல் 10 கோடியைத் தாண்டிய வியாபாரி, ஒரே விற்பனையாளரிடம் வருடத்தில் 50 லட்சத்துக்கு மேல் பொருள் வாங்கினால், 50 லட்சத்துக்கு மேற்பட்ட தொகையில் 0.1 சதவீதம் டிடிஎஸ், அதாவது விற்பவர் கணக்கில் சேரும் வருமான வரியை, பிடித்துக் கட்ட வேண்டும். 1961ஆம் வருடச் சட்டத்தில் அது பிரிவு 194க்யூ. 2024-25 உங்கள் முதல் வருடம், அதற்கு முன் உங்கள் பெயரில் விற்றுமுதல் இல்லை, எனவே அந்த வருடம் தப்பித்தீர்கள். ஆனால் அந்த வருட விற்பனை 11.40 கோடி என்பதால் 2025 ஏப்ரல் முதல் எண்ணெய் நிறுவனத்துக்குக் கொடுத்த பணத்தில் நீங்கள் டிடிஎஸ் பிடித்திருக்க வேண்டும். 9.35 என்ற எண்ணை நம்பி விட்டுவிட்டீர்கள்.

தொகை சிறியது, வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் அளவில். பிடிக்காமல் விட்டதன் விளைவு பெரியது. வட்டி தனி, அதோடு டிடிஎஸ் பிடிக்காத கொள்முதலில் 30 சதவீதத்தைச் செலவாக ஏற்க மறுக்கலாம். கோடிக்கணக்கில் வாங்கி லிட்டருக்குச் சில ரூபாய் மட்டும் பார்க்கும் தொழிலில் அது தலைக்கு மேல் வெள்ளம். தப்பிக்க வழி உண்டு. எண்ணெய் நிறுவனம் அந்த விற்பனையைத் தன் கணக்கில் காட்டி வரியும் கட்டியிருக்கும். அதற்கான சான்றைப் படிவம் 26ஏயில் ஒரு சார்ட்டர்டு அக்கவுண்டண்ட் தந்தால் அந்த மறுப்பிலிருந்து விலகலாம். வட்டி மட்டும் மிஞ்சும்.

கலால் வரியைத் தள்ள அனுமதிக்கும் இன்னொரு இடமும் இங்கேதான் வருகிறது. 2021 நவம்பரில் வந்த நேரடி வரிகள் வாரியச் சுற்றறிக்கை, ஜிஎஸ்டிக்கு வெளியே இருக்கும் பொருள்களில் கலால் வரியும் வாட்டும் இன்வாய்ஸில் தனியாகக் காட்டப்பட்டிருந்து, தொகையைக் கணக்கில் வரவு வைக்கும்போது டிடிஎஸ் பிடித்தால், அந்த வரிகளை விட்டுவிட்டுப் பிடிக்கலாம் என்கிறது. முன்பணம் கட்டும்போதே பிடித்தால் முழுத் தொகையிலும்தான். பெட்ரோல் பங்க்குகள் பணம் கட்டிவிட்டுத்தான் லோடு எடுக்கின்றன. எனவே உங்களுக்கு அநேகமாக முழுத் தொகைதான்.

வந்திருக்கும் கடிதத்துக்கு என்ன செய்வது

"கமிஷன் மட்டும்தான்" என்று பதில் எழுதாதீர்கள். எழுத்தில் ஒரு தவறான நிலையை எடுத்துவிட்டால், பிற்பாடு தெரியாமல் செய்தேன் என்று சொல்வது கடினம். வந்திருப்பது விளக்கம் கேட்கும் கடிதம், முறையான காரணம் கேட்கும் நோட்டீஸ் அல்ல. இந்த வித்தியாசம் உங்களுக்குப் பணம். 2024-25 முதல் பொருந்தும் ஜிஎஸ்டி சட்டப் பிரிவு 74ஏ படி, ஏமாற்றும் நோக்கம் இல்லாத விஷயத்தில் நோட்டீசுக்கு முன்பே வரியையும் 18 சதவீத வட்டியையும் கட்டிவிட்டால் அந்தப் பிரிவின் அபராதம் கிடையாது. நோட்டீஸ் வந்து 60 நாளுக்குள் கட்டினாலும் கிடையாது. பதிவு எடுக்காததற்கென்று பிரிவு 122இல் தனியாக ஓர் அபராதம் இருக்கிறது: 10,000 ரூபாய் அல்லது வரித்தொகை, எது அதிகமோ அது. நீங்களாக முன்வந்து கட்டியதைக் காட்டி அதைத் தவிர்க்கவோ குறைக்கவோ வாதாட வேண்டும். ஒன்றும் செய்யாமல் இருந்தால் அதிகாரி தனக்குத் தோன்றிய மதிப்பில் வரி போடலாம். பிரிவு 63 அவருக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது.

ஆகவே இந்த வாரமே பதிவுக்கு விண்ணப்பியுங்கள். பதிவுக்குக் காரணம் கேட்கும் இடத்தில் வாரிசு முறையில் தொழில் வந்தது என்பதைக் குறிப்பிடுங்கள். விண்ணப்ப எண்ணைப் போட்டு, அப்பாவின் மறைவு, டீலர்ஷிப் மாறிய தேதி, ஆயில் மற்றும் வாடகை வரவு ஆகியவற்றை உள்ளபடி சொல்லி, வரியைக் கணக்கிட்டுக் கட்டப் போகிறேன் என்று கடிதத்துக்குப் பதில் கொடுங்கள். 15 நாள் போதாவிட்டால் அவகாசம் கேளுங்கள். எண் கிடைத்ததும், தானாக முன்வந்து வரி கட்டுவதற்கான டிஆர்சி-03 படிவத்தில் கட்டுங்கள். அப்பாவின் பதிவில் மீதி உள்ளீட்டு வரி இருந்ததா என்று பாருங்கள். உரிமையாளர் இறந்தால் அந்த மீதியை வாரிசின் பதிவுக்கு மாற்ற ஐடிசி-02 படிவம் இருக்கிறது. ரத்து செய்தபோது அதைச் செய்யாமல் விட்டிருந்தால் இப்போது கிடைப்பது சிரமம், ஆனாலும் பதிலிலேயே கேட்டு வையுங்கள்.

பதிவு வந்த பிறகு, மொத்த விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் என்பதால் மாதா மாதம் ரிட்டர்ன். பெட்ரோல், டீசல் விற்பனையை ஜிஎஸ்டி அல்லாத விற்பனைக்கான கட்டத்தில் முழு விலைக்குக் காட்டுங்கள். டிப்பர் லாரி உரிமையாளரோ பள்ளி டிரஸ்டோ ஜிஎஸ்டி எண் கொடுத்து ஆயில் வாங்கினால் அந்தப் பில் அரசு இணையதளத்தில் பதிவு செய்யும் இ-இன்வாய்ஸாக இருக்க வேண்டும். ஆயில் விற்பனை 9 லட்சம்தானே என்று விட்டுவிடாதீர்கள், அந்த 5 கோடி எல்லைக்கும் பெட்ரோல் விற்பனை சேர்ந்துதான் கணக்கு.

  

சகோதரி, ஆடிட்டரைப் பார்க்கப் போகும்போது டீலர்ஷிப் மாற்ற உத்தரவு, எண்ணெய் நிறுவனத்தின் வருடக் கணக்குப் பட்டியல், ஆயில் கொள்முதல் பில்கள், வங்கிக் கணக்குகள், வாடகை ஒப்பந்தம் இருந்தால் அது, அப்பாவின் கடைசி ஜிஎஸ்டி ரிட்டர்ன் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். அத்தானையும் கூட்டிக்கொண்டு போகலாம். அவர் போட்டு வைத்திருக்கும் லிட்டர் வாரியான கலால் வரிக் கணக்கு, விதி 42க்கு ஆடிட்டர் உட்கார்ந்து போட வேண்டிய வேலைதான்.